ஜீப்புக்கு ஏற்ற ஸ்பீக்கர்

கள்ளக்குறிச்சிக் கடையொன்றில் என் பழைய காருக்கு மலிவான ஸ்பீக்கர் தேடியபோது அவரைப் பார்த்தேன். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுபவர். கொளுத்தும் வெயிலிலும் குரங்குக் குல்லா போட்டிருந்தார். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவார்.

அவர் கொண்டுவந்த பணத்துக்கு இரண்டு ஜோடிகள்தான் தேறின. இரண்டையும் வாசலில் வைத்துப் பாட்டுப் போடச் சொன்னார். எதிரே அவருடைய ஜீப்பில், சந்தை முடிந்து திரும்பும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்களே கேட்டு எடுக்கலாமே?” என்றேன்.

“கேக்கப்போறது அவுங்க பன்னெண்டு பேருங்க. நான் ரோட்டப் பாத்துக்கினு போறவன், எனக்கு இன்னா தெரியும்?”

முதல் ஜோடிக்குத் தலையாட்டினார்கள். இரண்டாவதற்கு ஜீப்பே குலுங்கியது. ஓர் அம்மா கீழே குதித்து ஆடத் தொடங்கினார்.

“இதாங்க!” என்று கூவி, ஜீப்காரர் என் கையையும் பிடித்து இழுத்தார்.

கல்யாண வீட்டில்கூட ஆடாதவன் நான். அன்று நடுத்தெருவில் எப்படி ஆடினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.