அக்கா பிடித்த தாள்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை. மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். கல்வெட்டுகளைத் தாளில் படி எடுப்பதுதான் இருவருக்கும் தொழில். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்ற வேண்டும். எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். அக்கா மாமாவைவிட அரையடி உயரம். தெருவே கிண்டல் செய்யும். அந்த உயரத்தால் தாளின் மேல் மூலைகளைப் பிடிப்பது எப்போதும் அவள்தான். "மெதுவா அடிங்க, கல்லு அழுதுடப்போகுது" என்பாள்.

கடைசியாக அவர்கள் வேலைக்குப் போன பழைய ஊரில், ஆற்றுக்கு அக்கரையில், ஊரார் தொட்டுக் கும்பிடும் எழுத்துக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசிக் கல் மட்டும் பாக்கி இருந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எட்டு மாதம் மாமா அறையைவிட்டு வரவில்லை. "ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டு" என்று சுவரைப் பார்த்து அழுவார். பிறகு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கல்லுக்காக இல்லை. அவள் கடைசியாக நின்ற இடத்தில் அவளைப் பார்த்துவிட மாட்டோமா என்ற நப்பாசை.

"அப்பாடா, ஒருவழியா வந்துட்டீங்க" என்றார் அப்போதும் அவர்களை அக்கரைக்கு ஏற்றிப்போன அதே படகுக்காரர். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உச்சி வெயில். அக்கரையில் ஒரு குருவிகூட இல்லை. கல்லைக் கழுவித் தாளை விரித்த பிறகுதான் உறைத்தது. ஏறி நிற்க முக்காலி கொண்டுவரவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லையே! எம்பி ஒட்டினார். பழக்கதோஷம்... வாய் தானாகச் சொன்னது.

"பிடிச்சுக்கோ."

கையை எடுத்தார். பிரஷ்ஷைத் தேடிக் குனிந்தார்.

தாள் விழவில்லை.

ஆற்றுக் காற்றில் சட்டை படபடத்தது. தாள் அசையவில்லை...

தப்... தப்... அடித்தார். எம்பி எம்பி மை ஒற்றினார். மேல் மூலையில் மட்டும் மை பிடிக்கவில்லை. அங்கே வெள்ளையாக... நாலு விரல்.

ஒரு விரல் மெல்ல நகர்ந்தது.

எட்டு மாதம் எதைக் கேட்டு அழுதாரோ, அது கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

படகில் விழுந்து, "போங்க, போங்க!" என்றார். படகுக்காரர் என்னவோ கேட்டார். காதில் ஏறவில்லை.

இக்கரையில் படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டு முறைத்தார்.

"இன்னும் கோவம் தீரலையா சார்? அம்மா கரை வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தாங்க. கூப்பிட்டாங்க. படகைத் திருப்பட்டுமான்னு கேட்டேன், நீங்க வாயே தொறக்கல."

"திருப்புங்க" என்று மாமா கதறினார். "தயவுசெஞ்சு திருப்புங்க!"

திரும்பிப் போனார்கள். கரையில் யாரும் இல்லை. மாமா ஒவ்வொரு கல்லாகச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போனது.

அக்கா செத்தது படகுக்காரருக்குத் தெரியாது. அவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எட்டு மாசமா இந்தக் கடைசிக் கல்லு பக்கத்துலதான் சார் நிப்பாங்க. 'வந்துடுவாரு, வந்துடுவாரு'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. ஒருநாள்கூட நகர்ந்ததில்ல. இப்ப எங்க போனாங்க?"