காசு ஆகாத கடைசி வரி

எர்சிலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வயிறெரிச்சலோடுதான் எழுதுவேன். முணுமுணுப்பது ஜெனோவாக்காரர்களின் பிறப்புரிமை. அதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

மதலேனா சந்தில் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். நான் இரண்டாம் மாடி, அவள் ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இருவருமே ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். என் அறையில் புது மெத்தை, புதுக் குழாய், சுவரில் கப்பல் படம். அவள் அறையில் கிறீச்சிடும் கட்டில். அதற்கு நூற்றுப்பதினெட்டு படி வேறு ஏற வேண்டும். இருந்தும் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க என் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். என்ன சொக்குப்பொடி போடுகிறாளோ என்று பற்றிக்கொண்டு வரும்.

சொக்குப்பொடி ஒரு காகிதம்தான். பழைய காலண்டர் தாளின் பின்புறம், இரண்டே நாளில் குறைந்த செலவில் ஜெனோவாவைப் பார்ப்பது எப்படி என்று தன் கோணல் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பாள். வந்தவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டுகிறார்களாம். கேட்டாலே எனக்குக் காந்தும்.

துறைமுகக் கூலியின் மகள் அவள். ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் விரிப்பு தேய்த்தவள். கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பத்து மாதம் கடலில் இருந்தான், பிறகு கல்லறைக்குப் போய்விட்டான். அவள் ரோமுக்குக்கூடப் போனதில்லை. அவள் ஊரைச் சுற்றிக்காட்டுகிறாளாம்! பள்ளியிறுதி முடித்த நான் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

போன ஏப்ரலில் அவள் விருந்தாளி ஒருவர் அந்தக் காகிதத்தைப் படிக்கட்டில் தவறவிட்டுப் போனார். எடுத்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கென்ன இப்போது?

அன்றே உட்கார்ந்து படித்தேன். காலையில் ஃபொகாச்சா ரொட்டியைப் பால்காப்பியில் தோய்த்து, உப்புப் பக்கம் நாக்கில் படும்படி தலைகீழாகத் தின்னுங்கள். மதியம் கடை அடுப்படியிலேயே நின்று சூடான கடலைமாவு அடை. பொக்காதாசே மீனவர் குப்பத்துக்குப் பஸ் வேண்டாம், கடலோரமாக நடங்கள். தண்ணீருக்குத் தெருக்குழாய் போதும். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். எழுதத்தான் தோன்றவில்லை. கடைசி வரி மட்டும் விசித்திரமாக இருந்தது: "இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஊர்ப் பொது லிஃப்டில் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு ஏறி, கைப்பிடிக் கம்பியோரம் நின்று, ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுங்கள். காசு ஆகாது."

கிறுக்கச்சி என்று அந்த வரியை அடித்தேன். மற்றதைத் தட்டச்சு செய்து, வண்ணத்தாளில் அச்சடித்து, என் பெயரைப் போட்டுக்கொண்டேன். வாடகையையும் கொஞ்சம் குறைத்தேன். ஜூன் மாதத்தில் என் அறை ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. ஆறாம் மாடிக்குப் போகும் பெட்டிச் சத்தம் நின்றே போனது. ஆஹா, என்ன சுகம்!

ஒருநாள் அவளுக்கு வந்த கடிதம் ஒன்று என் தபால்பெட்டியில் விழுந்திருந்தது. அவள் முகம் எப்படி வாடியிருக்கிறது என்று பார்க்கவே அதை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மடியில் ஒரு வெள்ளை மேசைவிரிப்பு.

"வாடி ஓர்னெல்லா. கொஞ்சம் இரு, அஞ்சு அடிக்கப் போகுது."

"அஞ்சு அடிச்சா என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். கூரைகளுக்கு மேலே, எதிரே காஸ்தெல்லெத்தோ மேடு தெரிந்தது. கம்பியோரம் எறும்பு மாதிரி ஆட்கள். தேவாலய மணி ஐந்து அடித்து ஓய்ந்தது. அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள்.

"உன் வீட்டு ஆளுங்களுக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நான் கயித்துல எறக்கின கூடையில ரொட்டி வைக்கும்போது கடைக்காரி கீழேருந்து கத்தினா. ஓர்னெல்லா வீட்டுக்கு வர்றவங்ககூட இப்பத் தலைகீழாத் திங்குறாங்களாம்."

எனக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊரே அப்படித்தான் திங்குது. நீங்க என்ன அதை விலைக்கா வாங்கி வெச்சிருக்கீங்க?"

"திங்கட்டுமே. எடுத்தது எடுத்துட்ட, போகட்டும். அந்தக் கடைசி வரிய எதுக்குடி அடிச்ச?"

நான் கையிலிருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இந்த முட்டியோட நான் கீழ எறங்கி ஆறு வருஷமாச்சு. அவங்க காலையில கெளம்பினா, இப்ப ரொட்டிக் கடையில நிப்பாங்க, இப்பக் கடலோரமா நடப்பாங்கன்னு நானும் இங்கேருந்தே கூடப் போவேன். சாயங்காலம் அங்க நின்னு துணி ஆட்டுவாங்க, நானும் ஆட்டுவேன். அப்பத்தான் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். ஒரு மாசமா நான் எங்கயும் போகலடி."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். நாலு மாடிப் படியும் அவளைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். திட்டு அவளுக்கா எனக்கா என்று பாதியில் குழம்பிவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு தடவை ஆட்டினேன். தூரத்தில் ஒரு ஜன்னலில் மேசைவிரிப்பு முழுசாக விரிந்து, கிழிந்துவிடும் போல ஆடியது. பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"யாரு அது, உங்க அம்மாவா?"

"பக்கத்து வீட்டுக்காரி. போட்டிக்காரி," என்றேன். கண்ணீர் கொட்டியது. அந்த நேரத்திலும் பொறாமைதான். இந்த அறுபது வயதுவரை எனக்காக எந்த ஜன்னலிலும் யாரும் காத்திருந்ததில்லை.

அன்றிரவே என் தாளில் அந்த வரியைச் சேர்த்தேன். எந்த ஜன்னலைப் பார்த்து ஆட்ட வேண்டும் என்றும் எழுத வேண்டியிருந்தது. "இரண்டாம் மாடி" என்று எழுதிவிட்டேன், பொய் சொல்வானேன். பிறகு எழுந்து போய் என் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரும் அதில் காயும் துணிகளும்தான் தெரிந்தன. திரும்பி வந்து, இரண்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன்.