கண்மாய்க்குக் குறுக்கே

மூன்று வருஷத்துக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் போகும் சாலையை விட்டு நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் செய்த தப்புக்கு அந்த ஊர் என்ன பண்ணும்?

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி உதிரி சாமான் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலி. சுற்றி நாலு தெருவிலும் தறிச் சத்தம். எனக்குள்ளும் ஒன்று அப்படித்தான் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும், சின்ன வயதிலிருந்தே. நாற்பதாவது வயதில் டாக்டர் சர்க்கரை என்று சொன்னார். வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று. பாலவனத்தம் சாலையில் விடியற்காலை நடை, பிறகு ஓட்டம், பிறகு சைக்கிள், பிறகு மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அனுமதி கிடைத்த பாதையிலெல்லாம் ஏறிவிட்டேன். ஒரு முறை இமயமலைப் பக்கம் போய், ஒன்பது நாள் பனியில் நடந்துவிட்டு வந்தேன்.

மலையில் நான் ரொம்ப ஒழுங்கான ஆள். வழிகாட்டி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு தடவை கேட்பேன். பாறை வழுக்குமா, ஓடையில் எத்தனை அடித் தண்ணீர், மேகம் எந்தப் பக்கம் போகிறது. கூட வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். தெரியாத இடம், வேறு பாஷை, என்னை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பதில் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது அட்வென்ச்சர் ரேஸ். எங்கள் தெருவில் அதற்கு 'சைக்கிளத் தூக்கிட்டு ஓடுற பந்தயம்' என்று பெயர். இரண்டு பேர் ஒரு அணி. முதலில் ஓட்டம், அடுத்து நாற்பது கிலோமீட்டர் சைக்கிள். கடைசியாக வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துவிடுவார்கள். காட்டுக்குள் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளைத் தேடிப் பிடித்து, அட்டையில் துளை போட்டுக்கொண்டு வரவேண்டும். எந்த வழியாகப் போவது என்பது நம் இஷ்டம். கைபேசியை ஒரு உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். ஆபத்து என்றால் உறையைக் கிழிக்கலாம். கிழித்தால் பந்தயத்திலிருந்து வெளியே.

என் கூட வந்தது மச்சினன், மனைவியின் தம்பி. என்னை விட ஆறு வயது இளையவன். தறி மெக்கானிக். ஒரு காலத்தில் கபடி ஆடிய உடம்பு, இப்போது கனத்துவிட்டது. அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. நான்தான் நச்சரித்து ஆறு மாதம் பழக்கினேன். அன்று காலை கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று, இவனை எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறீர்களோ அப்படியே கொண்டுவந்து விடவேண்டும் என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

ஓட்டமும் சைக்கிளும் நன்றாகவே போயின. பத்தரை மணிக்கு நாங்கள் நாலாவது இடத்தில் இருந்தோம். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கில் ஒரு கொடி. அடுத்த கொடி எதிர்க்கரையில் ஒரு பனந்தோப்பில். கரை மேலேயே சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். குறுக்கே இறங்கினால் ஒன்று. மூன்றாவது இடத்தில் இருந்த அணியின் இரண்டு சிவப்புச் சட்டைகள் கரை மேல் தூரத்தில் தெரிந்தன.

வரைபடத்தில் கண்மாய் முழுக்க நீலம். வெளியூர்க்காரன் தண்ணீர் என்று பயந்து சுற்றிப் போவான். எங்கள் சீமையில் நீலம் என்றால் சீமைக்கருவேலங்காடு என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மழை பெய்தால் இரண்டு மாதம் தண்ணீர், மிச்சத்துக்கு ஆடும் முள்ளும் வெடிப்பும். அந்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை என்பதும் தெரியும். தெரிந்தும் அதை நினைக்கவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அது போதுமென்று தோன்றியது.

கரைச் சரிவில் ஒரு பெண் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிடுவார்கள். அப்படி ஒரு மூட்டம் அவள் பக்கத்தில் புகைந்தது. இன்னொன்றுக்கு மண் அப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"உள்ள ஒளை கெடக்கு, கரையோடயே போங்கண்ணே."

எங்கள் வீட்டுப் பாஷை தெலுங்கு. தமிழ் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் கற்றது. ல, ள, ழ மூன்றும் எங்கள் வாயில் ஒன்றுதான், காதிலும் ஒன்றுதான். அவள் சொன்னது எனக்கு 'உலை' என்று விழுந்தது. கண்மாய்க்குள்ளேயும் எங்கோ நெருப்பு மூட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். தூரத்தில் இடது பக்கம் கருவேலங்காட்டுக்குள் இன்னொரு புகையும் எழுந்துகொண்டிருந்தது. சரி, உலை அங்கே இருக்கிறது, நாம் வலது பக்கமாக ஒதுங்கிப் போவோம் என்று மச்சினனிடம் சொன்னேன். அவனும் அதே வீட்டுக் காது. தலையாட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மறுபடி அவள் குரல். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வழியெல்லாம் ஜனங்கள் அப்படித்தான் கையாட்டி உற்சாகப்படுத்தினார்கள். நானும் சிரித்துக் கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

மச்சினன் எனக்கு வலப்புறம், பத்தடி தள்ளி ஓடிவந்தான். தரை முதலில் சரசரத்தது. பிறகு அந்தச் சத்தம் நின்று, அப்பளம் உடைகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பார்த்தால் அவன் முழங்கால் வரை இல்லை. காலை உருவப் பார்த்தான், தொடை வரை போயிற்று. நான் நின்ற இடத்திலிருந்தே, விளையாடாதே, உருவிக்கொண்டு வா என்றேன். அவன் முன்னால் சாய்ந்து உதறினான். இடுப்பு வரை.

"பாவா, கிந்த ஏமி லேது."

அத்தான், கீழே ஒன்றுமே இல்லை என்கிறான். தரை தட்டவில்லை என்று அர்த்தம். வெளியில் அவன் தெலுங்கு பேசமாட்டான், கூச்சம். அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

கை கொடுக்கப் போனேன். என் காலும் முழங்கால் வரை இறங்கியது. பின்னால் விழுந்து, புரண்டு வெளியே வந்தேன். அவன் அடங்காமல் உதறிக்கொண்டே இருந்தான். உதற உதறக் கருப்புச் சேறு மேலே குமிழியிட்டு, வயிற்றைத் தாண்டியது. எனக்கு இப்போதும் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அப்போது என் பார்வை ஒரு முறை கரை மேல் போனது. சிவப்புச் சட்டைகள் எங்கே என்று. கைபேசி உறை பையில் இருந்தது. அதை எடுத்தேன், உடனே கிழிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். மச்சினன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் கிழித்தேன். ஏற்பாட்டாளர்கள், ஜீப் வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பின்னால் அவள் புருஷனும் இன்னொரு ஆளும். அவள் முதலில் திட்டியது என்னைத்தான், கிட்டப் போகாதீர்கள், இரண்டு பேரை இழுக்க எங்களால் ஏலாது என்று. பிறகு மச்சினனைப் பார்த்து, கோழிக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

"ஒதறாதீக. மல்லாக்கச் சாயுங்க. வீட்டுல மெத்தையில படுப்பீகள்ல, அதுமாரி. ஒண்ணும் ஆகாது."

அவன் சாய்ந்தான். இறங்குவது நின்றது.

மூட்டத்துக்கு வெட்டி வைத்திருந்த கருவேலங்கிளைகளை இழுத்துவந்து சேற்றின் மேல் பரப்பினார்கள். எல்லாம் முள். அதன் மேல் காலிக் கரிச் சாக்குகளை விரித்தார்கள். பிறகு யார் போவது என்று பேச்சு வந்தது. புருஷன் வேட்டியை மடித்துக் கட்டினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, நீ போனால் உன்னையும் சேர்த்து இழுக்கணும், இருக்கிற ஆட்களில் எடை குறைந்தவள் நான்தான் என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கின் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போனாள். முள் அவள் முழங்கையில் ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. லோடு கட்டும் கயிற்றை அவன் அக்குளுக்கு அடியில் கொடுத்து முடிச்சுப் போட்டாள். அவளுக்கும் என் மச்சினனுக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை. கிளை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் அவளும்தான்.

நாங்கள் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்தோம். நான் வேகமாக இழுத்தேன். அவள் புருஷன் என் தோளில் கையை வைத்தான்.

"பைய. வெடுக்குனு இழுத்தா இடுப்பு போயிரும். சேறு விடுற நேரத்துலதான் விடும்."

விடுகிற நேரம் வர இருபது நிமிஷம் ஆனது. ஒரு காலின் ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. மச்சினன் கரையில் கிடந்து அழுதான். அவள் ஊருக்குள்ளிருந்து சைக்கிளில் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு குடம் தண்ணீரில், அவன் கண்ணையும் மூக்கையும் கழுவிவிட்டாள். மிச்சத்தைக் குடிக்கக் கொடுத்தாள்.

ஊர்க்காரர்கள் வண்டல் அள்ளிய பள்ளம் அது. மழையில் நிறைந்து, சேறு படிந்து, மேலே மட்டும் காய்ந்து ஆடை கட்டியிருக்கிறது. போன மாதம் ஒரு மாட்டையே முழுங்கிவிட்டதாம்.

"நாந்தான் ஒளை கெடக்குன்னு கத்துனேன்ல," என்றாள்.

நெருப்பு உலை என்று நினைத்துவிட்டோம் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முழங்கை முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தாள்.

"எவளாச்சும் கம்மாய்க்குள்ள போயி ஒலை வப்பாளா? புதைசேறுண்ணே. அதுக்கு ஒளைன்னுதான் பேரு. நீங்க தமிழ் ஆளுகதான?"

தமிழ் ஆள்தான் என்றேன். ரெண்டாந்தடவையும் கூப்பிட்டேனே, நீங்கள் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனீர்களே என்றாள். மன உளைச்சல் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன். உளை என்றால் சேறு என்று நாற்பத்தாறு வயதில், சேற்றோடு நின்றுதான் தெரிந்தது.

ஜீப் வந்தது. கிளம்பும் அவசரத்தில் அவள் பெயரைக் கேட்க மறந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சேலையும் பழமும் வாங்கிக்கொண்டு நானும் மச்சினனும் போனோம். மூட்டம் இருந்த இடத்தில் வட்டமாகக் கரித்தூள் மட்டும் கிடந்தது. வெட்டு முடிந்து அவர்கள் கமுதிப் பக்கம் போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். கமுதிப் பக்கம் என்றால் எத்தனை கண்மாய். அதற்குப் பிறகும் மூன்று நாலு தடவை தேடிப் போயிருக்கிறேன்.

இதில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று மாலை வீட்டில் நுழைந்ததும், ஒரு ஷூவோடு நின்ற தம்பியைப் பார்த்து என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே மச்சினன், தான் பார்க்காமல் ஓடிச் சேற்றில் விழுந்துவிட்டதாகவும், பாவாதான் இழுத்துக் காப்பாற்றியதாகவும் சொல்லிவிட்டான். என்னை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் பேசாமல் இருந்தது ஒரு வாரமாகி, மூன்று வருஷமாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் அவளே இந்தக் கதையைச் சொல்கிறாள். சொல்லும்போது என்னைப் பார்க்கிறாள். எனக்கு இடுப்புக்குக் கீழே தரை தட்டுவதில்லை.

அவனைச் சேற்றுக்குள் கூட்டிப் போனவன் நான். வெளியே எடுத்தவள் வேறொருத்தி. எச்சரித்தவளுக்குக் கையாட்டிவிட்டு ஓடினேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மச்சினனிடம் போன வாரம் அனுமதி கேட்டேன். எழுதுங்க பாவா, அக்கா என்ன உங்களைக் கொன்றா விடும் என்றான்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அவள்தான் முதலில் பிரிப்பாள். இதை அவள் படித்து முடித்து, என்னைப் பார்த்து ஏதாவது சொல்வாள். கோபமாகவோ அழுதோ, எவ்வளவு நேரம் சொன்னாலும் அன்று நான் எங்கும் ஓடப் போவதில்லை. ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றாலும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். ஒருத்தியின் முழங்கை முள்ளும் ஒருவனின் உயிரும் எனக்குக் கற்றுக் கொடுத்திருப்பது அதை மட்டும்தான்.