வெளியே உட்கார்ந்திருந்த சென்டம் சார்

1. வராண்டா வழக்கம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் என் ஆலோசனை அறை இருந்தது. 'மனநல ஆலோசகர்' என்று போர்டு எழுதினால் ஒருத்தரும் படி ஏற மாட்டார்கள் என்று வீட்டு ஓனர் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு 'வழிகாட்டி மையம்' என்று எழுதினேன். ஆதார் கார்டில் பெயர் திருத்தச் சொல்லியும் சில பேர் வந்தார்கள்.

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஊரில் பேர் எடுத்தவர்கள். பிரமோஷன் வாங்கிய பேங்க் மேனேஜர், மெடிக்கல் காலேஜில் முதல் வருஷம் படிக்கும் பெண், கடை மூன்றாகப் பெருகிய வியாபாரி. தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வரும். பேர் எடுத்தவன் வாயைத் திறந்தால், "உனக்கென்னப்பா கொறை?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிடுவார்கள். அதனால் அவர்கள் ஒளிந்துகொண்டுதான் வருவார்கள். கொரோனா போய் எத்தனையோ காலம் ஆகியும் மாஸ்க் கழற்றாத இடம் என் வராண்டா. தெரிந்த முகம் எதிரே இருந்தாலும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார்கள். யாரும் யாருக்கும் வணக்கம் வைக்க மாட்டார்கள். மனம் விட்டுப் பேச வரும் இடம் இப்படி இருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். எழுதி முடித்தபோது அது இரண்டு தவறாக ஆகியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2. கூட வந்தவர்

தங்கராசு சார் நிலக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவர். அந்தப் பக்கத்தில் 'சென்டம் சார்' என்றால்தான் தெரியும். அவர் வகுப்பில் வருஷா வருஷம் யாராவது நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், முப்பது வருஷமாக ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்லை. விடிகாலையில் மல்லிகை பறித்துவிட்டு, கண் எரிச்சலோடு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் அவர்கள்.

ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை மத்தியானம், ராசாத்தி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"இந்தப் புள்ளைக்குப் பரிச்சைன்னா கை நடுங்குது மேடம். செத்த பாருங்க. நான் வெளிய இருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே பயம் இருந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. சென்டம் சாரே நம்மிடம் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார் என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் ஒரே வரிதான். 'பரீட்சைப் பயம், லேசானது.'

ராசாத்திக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு லேசாகக்கூட இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு தரம் கதவைத் திறந்து, "முடிஞ்சுது சார், நீங்க கெளம்பலாம்" என்றேன். "அடுத்த பஸ்ஸுல போய்க்கிறோம் மேடம். செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்து, பேசி, வெளியே போகும்வரை உட்கார்ந்தே இருந்தார். மடியில் இருந்த பேப்பரைப் பிரிக்கவே இல்லை. படித்த படிப்பெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தது. பாவம், கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3. கார்த்திகாவின் முறை

பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை கார்த்திகா வந்தாள். அம்மாவும் மகளும் பூப்பறித்துப் பிழைக்கும் குடும்பம். எதிரே உட்கார்ந்ததும் நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்கம் வருதா?"

"படுத்தாப் போதும் மேடம். நாலரைக்கு எந்திரிச்சுப் பூவெடுக்கப் போகணும்ல."

"பரிச்சைன்னா பயமா?"

"பயம்னு அம்புட்டு இல்ல."

"அப்ப எதுக்கு வந்த?"

கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாருக்காகத்தான் மேடம். ராசாத்தி மட்டுந்தான் நெசமா பயந்தா. அவளை இங்க கூட்டிட்டு வந்த அன்னைக்கு, திரும்பிப் போறப்ப பஸ்ஸுல சார் நல்லாப் பேசிட்டு வந்தாராம். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா எங்ககிட்ட சரியாவே பேசல. போர்டுல கணக்க ஆரம்பிப்பாரு, பாதியில நின்னுருவாரு. இங்க வந்தாத்தான் அவருக்குத் தேவலையாகுதுன்னு நாங்களே கிளாஸ்ல முறை போட்டுக்கிட்டோம். வாரத்துக்கு ஒருத்தர் பயமா இருக்குன்னு சொல்லணும். இந்த வாரம் என் முறை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பிள்ளைகளைக் கூட்டி வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்தான் அவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் கார்த்திகா சிரிக்கவில்லை.

"நேத்து அவரு நோட்டெல்லாம் எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாரு மேடம். கணக்கெல்லாம் அவரே போட்டு வச்ச நோட்டு. யாரையும் தொட விட மாட்டாரு. இந்த வாட்ச்சையும் கழட்டிக் குடுத்தாரு. 'பரிச்சைக்குக் கட்டிக்க, எனக்கு இனிமே தேவைப்படாது'ன்னாரு."

பாவாடை மடிப்பிலிருந்து ஒரு ஆம்பளை வாட்ச்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உயிராக வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால் என்ன கேட்க வேண்டும் என்று, நீங்கள் படித்த அதே பாடத்தைத்தான் நானும் படித்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரிடம் இரண்டு மாதமாக ஒரு கேள்வியும் கேட்காமல், அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"புள்ளைக்கு எப்படி மேடம் இருக்கு?"

"அது நல்லா இருக்கு சார். நீங்க உள்ள வாங்க."

"எனக்கென்ன மேடம்? நான் கூட வந்தவன்."

கார்த்திகா வெளியே வந்து, அவர் கையிலிருந்த பேப்பரை வாங்கிக்கொண்டாள். "போங்க சார். நான் இங்கன உக்காந்திருக்கேன்" என்றாள். வகுப்பில் ஒருநாளும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். அவர் மறுபேச்சு பேசாமல் உள்ளே வந்தார்.

4. கேட்டே ஆகவேண்டிய கேள்வி

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"செப்டம்பர்லயே எனக்கு அறுபது முடிஞ்சு போச்சு மேடம். வருசத்துக்கு நடுவுல வாத்தியாரை மாத்தக் கூடாதுன்னு மே கடைசி வரைக்கும் மறுநியமனம். எல்லாரும் சந்தோசம்தானன்னு கேக்குறாங்க. நான் செப்டம்பர்லயே முடிஞ்சு போயிட்டேன். இப்ப இருக்கறது எக்ஸ்ட்ரா."

"இங்க வந்து ஏன் சார் இம்புட்டு நேரம் உக்காந்திருப்பீங்க?"

"திண்டுக்கல்ல நான் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒருத்தன் எந்திரிச்சு, 'சார், என்னையத் தெரியுதா'ம்பான். டாக்டர்கிட்டப் போனா டாக்டரே எந்திரிக்கிறான். அவன் முன்னாடி நான் எப்படி மேடம் எனக்கு முடியலைன்னு சொல்லுவேன்? உங்க வராண்டாவுல மட்டுந்தான் யாரும் எந்திரிக்கிறதில்ல. யாரும் என்னையப் பாக்குறதில்ல. அங்க உக்காந்தா மூச்சு விட முடியுது."

நான் வருத்தப்பட்ட அந்த வழக்கம்தான் அவரை அதுவரை தாங்கியிருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "சார், உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

கண்ணாடியைக் கழற்றினார். "தோணுது" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று உங்களில் சிலர் பயப்படுவீர்கள். வராது. கேட்க ஒரு ஆள் வந்ததே என்றுதான் இருக்கும்.

அவர் சம்மதித்த பிறகு, அவர் மனைவி வசந்தாவுக்குப் போன் செய்தேன். "அவரு பிள்ளைகளுக்காகத்தான மேடம் அங்க வர்றாரு?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். அதுவரை சாரைத் தனியே விடவில்லை. மாத்திரை தேவைப்படும் என்று தோன்றியதால், அவருடைய மாணவராக இல்லாத ஒரு மனநல மருத்துவரை மதுரையில் தேடிப் பிடித்தேன். அந்த வாரமே போய் வந்தார்கள். அப்புறம் சனிக்கிழமைதோறும் சார் என்னிடம் தனியாக வந்து, உள்ளே உட்கார்ந்தார்.

அன்றைக்கு வசந்தா அம்மா வரும்வரை கார்த்திகா வெளியேதான் இருந்தாள். நடுவில் ஒருதரம் எட்டிப் பார்த்து, "செத்த நேரம் ஆகும்" என்றேன். "இருக்கட்டும் மேடம், பாத்துக்குங்க" என்றாள். கெட்டிக்காரப் பெண் என்று மெச்சிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

5. ரிசல்ட்

பேசத் தொடங்கிய பிறகு சார் நன்றாகவே தேறினார். ஒரு கேள்வியை மட்டும் தொட விடமாட்டார். "இந்த வருசம் ஒரு புள்ள ஃபெயிலாயிட்டா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டால், மாத்திரை நேரம், பஸ் நேரம் என்று பேச்சை மாற்றிவிடுவார். கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மே மாதம் நெருங்க நெருங்க எனக்குத்தான் பயம் கூடியது.

ரிசல்ட் அன்று காலை வசந்தா அம்மா போன் செய்தார்.

"மேடம், ஒரு புள்ள கணக்குல ஃபெயிலு. செல்லுல பாத்தாரு. ஒரு வார்த்த பேசல. சட்டையப் போட்டாரு, வண்டிய எடுத்தாரு, போயிட்டாரு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு."

வராண்டாவில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவது என்று நினைத்தேன். பஸ் பாதித் தூரம் போவதற்குள் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், வசந்தா உங்களைப் பயமுறுத்திட்டாளா? வண்டி ஓட்டிட்டு வந்தேன், எடுக்க முடியல. நான் கார்த்திகா வீட்டுல இருக்கேன்."

"ஃபெயிலானது யாரு சார்?"

"அதுதான் மேடம்."

என் எதிரே உட்கார்ந்து, 'பயம்னு அம்புட்டு இல்ல' என்று சொன்ன பெண். அம்புட்டு இல்லை என்றால் எம்புட்டு இருக்கிறது என்று நான் கேட்டேனா? கூட வந்தவரை முதலில் கோட்டை விட்டேன். அவரைக் கண்டுபிடித்த வேகத்தில், வந்திருந்த பிள்ளையைக் கோட்டை விட்டேன். அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியவள் நான். அதற்குப் பிறகு நான்கு மாதத்தில், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாள்கூடச் சாரிடம் விசாரிக்கவில்லை.

"எப்படி சார் இருக்கா?"

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்துச்சு. நான் வந்து கூப்புட்ட பிறகுதான் தொறந்துச்சு. 'முப்பது வருசப் பேரை நான் கெடுத்துட்டேன் சார்'னு அழுகுது. 'அடி ஆத்தா, நீ அன்னைக்கு அந்த மேடத்துகிட்டச் சொல்லாட்டி பேரு மட்டுந்தான் இருந்திருக்கும், நான் இருந்திருக்க மாட்டேன்'னு சொன்னேன். இப்பத்தான் ரெண்டு வாய் சாப்புட்டுச்சு."

பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். அழுதுகொண்டே அவரைக் கண்டிக்கவும் பார்த்தேன். "துணைத் தேர்வுக்கு நீங்களே உக்காந்து பாடம் எடுக்கப் போறீங்களா சார்? உங்க உடம்பு இப்ப..."

"இல்ல மேடம். எங்க ஸ்கூல் புது டீச்சர்கிட்டப் பேசிட்டேன், அந்தம்மா பாத்துக்குறேன்னு சொல்லிருச்சு. நான் இன்னைக்குச் சும்மா கூட இருந்துட்டு வாரேன்." பிறகு கேட்டார். "சனிக்கெழம இதைக் கூட்டிட்டு வரட்டா மேடம்? இந்தத் தடவ நெசமாவே இதுக்காகத்தான்."

"வாங்க சார். ரெண்டு பேருக்கும் தனித்தனியா நேரம் எழுதி வைக்கிறேன்" என்றேன்.