ஊறுகாய்ப் பாட்டிலில் ஆறு மாதம்

தென்காசியில் சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையம் போகிற வழியில், மருந்துக்கடை முன்னால் காரை நிறுத்தச் சொல்லி இறங்குகிறேன். மஸ்கட்டில் ஆறு மாத வேலை. அதற்கான சர்க்கரை மாத்திரை முழுக்க என் கையிலுள்ள ஊறுகாய்ப் பாட்டிலில் இருக்கிறது. மரத்துப்போன விரல்களால் நான் அட்டையைப் பிதுக்கத் திணறுவேனே என்று மனைவியே எல்லாவற்றையும் பிதுக்கிப் போட்டிருக்கிறாள். காரில் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

மஸ்கட் போவதைச் சொன்னதும் கடைக்காரர் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்கிறார்.

"அட்டையில்லாம கொண்டு போனா என்ன மாத்திரைன்னு கஸ்டம்ஸ்காரனுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? ஏர்போர்ட்லயே பிடுங்கிருவான். நான் எட்டு வருசம் அங்கன இருந்தவம்லா."

"அப்ப புதுசா ஆறு மாசத்துக்குக் குடுங்க."

"ஒரு மாசத்துக்குத்தான் இருக்கு. மிச்சம் நாளைக்குத்தான் வரும்."

சாயங்காலம் விமானம். டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். இருக்கிற அட்டைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் திணிக்கிறேன். அதற்குள் மனைவி போனில் கூப்பிடுகிறாள்.

"மாத்திரை போட்டாச்சா? கைக்கு லேசா இருந்துச்சா?"

பாட்டிலைத் திறந்து ஒன்றை எடுத்து விழுங்குகிறேன்.

"ரொம்ப லேசா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே, பாட்டிலைக் கடைக்காரர் பக்கம் நகர்த்துகிறேன்.