இருபத்தாறு கேடயங்களை இரண்டு முறை கொடுத்தேன்

என் மனைவியின் தம்பிக்கு நான் ஆறாயிரம் கடன்பட்டிருந்தேன். அவன் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். ஒரு கல்யாண வரவேற்பில் அவனுடைய கம்பியில்லா மைக்கைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டேன். கை தவறவில்லை, உணர்ச்சியோடு கையை வீசினேன். கூட்டம் கைதட்டியது. மைக் செத்துப்போனது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றிய தொண்டை இது. இந்தத் தொண்டையை வைத்தே நாற்பது வருடம் மேடையில் நிகழ்ச்சி தொகுத்தேன், இரண்டு மாடி வீடு கட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் மேடையில் காகிதத்தைத் தொடமாட்டேன். காலையிலேயே போய் யாரையாவது பெயர்களை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துவிடுவேன். கூடவே ஆளுக்கொரு சங்கதியும் கறந்துவிடுவேன்.

அந்தக் கடனுக்கு முடிவு வந்தது ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஆண்டு விழாவில். இருபது வருடம் உழைத்த இருபத்தாறு பேருக்குச் சிறப்பு விருந்தினர் கையால் கேடயம். எனக்குச் சம்பளம் ஏழாயிரம். ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மைத்துனன் சொன்னான்:

"மாமா, இன்னிக்குக் காசு வரலன்னா நாளையிலேருந்து மைக் வேற ஆளுக்கு. அக்கா வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"அவ எங்க சொல்லப்போறா மாப்ளே? அவ உன் கட்சி."

பத்தரைக்கு வர வேண்டிய விருந்தினர் பன்னிரண்டாகியும் வரவில்லை. மேனேஜர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "அவர் வர்றதுக்குள்ள கூட்டம் கலைஞ்சா உங்களுக்கு ஒரு பைசா கிடையாதுங்க." பின்வரிசையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கூட்டம் கலையப்போகிறது என்று மேடைக்காரனுக்குச் சொல்லும் சத்தம் அது.

ஆட்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"பசை மிஷின் அக்கா! இருபது வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் லேட்டு. அன்னிக்கு என்ன விசேஷம்?"

"கல்யாணம்!" என்றது கூட்டம்.

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்!"

அடுத்து வாசல் காவலாளி. அடையாள அட்டை இல்லையென்று முதலாளியையே கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தியவர். முன்வரிசையில் முதலாளி சிரித்தார். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

சூடு பிடித்ததும் வந்தவர்கள் கையில் கேடயத்தையும் கொடுத்துவிட்டேன். மேடையேறியவரை வெறுங்கையோடு இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்லை. இருபத்தாறாவது கேடயத்தை நீட்டும்போது வாசலில் கார் வந்து நின்றது. மேஜையில் விரிப்பு மட்டும் இருந்தது.

மேனேஜர் தலையில் கைவைத்தார். மைத்துனன் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"இதுவரைக்கும் நடந்தது ஒத்திகை" என்றேன் மைக்கில். "கேடயத்தையெல்லாம் வாங்கின வரிசையிலேயே கொண்டு வந்து வைங்க. அவர் கையால வாங்கும்போது எந்தப் பக்கம் கைதட்டல் குறையுதோ, அந்தப் பக்கத்துக்குச் சாப்பாடு கடைசியில."

வரிசை மாறக்கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. கேடயத்தில் பெயர் பொறித்திருந்தது; மாறினால் நான் மேடையில் எழுத்துக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் முறை நான் பாதி கேட்பதற்குள் கூட்டமே பதிலைக் கத்தியது. "ஒருத்தரை ஒருத்தர் இவ்வளவு தெரிஞ்சுவச்ச தொழிலாளர்களை நான் பார்த்ததே இல்லை" என்ற விருந்தினர், எழுதிவந்த பேச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அடக்கமாக நின்றேன். அடக்கமும் எனக்கு நன்றாக வரும்.

மேனேஜர் உறையைக் கொடுத்தார். "ஒத்திகைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கூட்டம் இயல்பா இருக்காதுங்க."

மைத்துனன் மேடையோரம் வந்து கையை நீட்டினான். "ஒத்திகையெல்லாம் வேணாம் மாமா. நேரா நிகழ்ச்சிக்கு வாங்க."

"கையை நல்லா விரி" என்றேன். சாப்பாட்டு வரிசைக்கும் கேட்கும்படி, பேருந்து நிலையக் குரலில், ஒவ்வொரு ஆயிரமாக அவன் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன். ஆறு.