டிரில் சாரின் மம்பட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது டிரில் சார் அங்கே இருந்தார். அவருக்கு முன்னால் அவர் தொப்பை நடந்து வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி உடற்பயிற்சி சொல்லித்தர அவருக்குப் பிடிக்காது. மம்பட்டிப் படத்தைத் தூக்கிக் காட்டுவார். ஒன்றாம் வகுப்பு முழுக்கக் குனிந்து காற்றை வெட்டும். அரிவாள் படம் வந்தால் காற்றை அறுக்கும். அவர் மட்டும் குனிந்ததே இல்லை.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மம்பட்டிப் படத்தைக் காட்டி, தறிக்காரர் வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம், "இது எதுக்கும்மா?" என்றார்.

"எக்சர்சைஸ் பண்ணுததுக்கு சார்."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். டிரில் சாரின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் நிஜ மம்பட்டியோடு வந்தார். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, குழாயடியிலிருந்து முருங்கைக் கன்று வரைக்கும் மூச்சு வாங்க வாங்க வாய்க்கால் வெட்டினார். அது பாம்பு மாதிரி வளைந்து போனாலும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மதியம் பார்த்தால் இரண்டு கையிலும் கொப்புளம்.

"என்ன சார், பழக்கம் விட்டுப்போச்சோ?" என்று சீண்டினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைககிட்ட சொல்லிராதீங்க டீச்சர். நானும் தறிக்காரன் மவன்தான். இன்னைக்குத்தான் மம்பட்டியைக் கையில தொட்டிருக்கேன்."

நான் தேங்காயெண்ணெய் வாங்கி வருவதற்குள், இரண்டாம் வகுப்பையும் கூட்டிக்கொண்டு வெட்டப் போய்விட்டார்.